நிமிரும் உரிமை

மாமல்லபுரத்து ஆதிவராகக் குகைக்கோயிலுக்குள் அரச குடும்பத்துச் சிற்பங்கள் இரண்டு எதிரெதிரே உள்ளன. ஒன்றின் மேல் சிம்மவிஷ்ணு என்றும் மற்றதன் மேல் மகேந்திரன் என்றும் பெயர் பொறித்திருக்கிறது. இவர்கள் எந்தச் சிம்மவிஷ்ணு, எந்த மகேந்திரன் என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அந்த விவாதத்தை விட்டுவிட்டு உடல்களை மட்டும் பார்க்கலாம். சிம்மவிஷ்ணு இருக்கையில் அமர்ந்திருக்கிறார். தேவியர் இருவரும் நிற்கிறார்கள். எதிர்ச்சுவரில் மகேந்திரன் ஒரு தேவியின் கையைப் பற்றிக் கருவறைப் பக்கம் சுட்டியபடி நிற்கிறார். கிருஷ்ண மண்டபத்துக்குப் போனால் பால் கறப்பவர் குந்தியிருக்கிறார். ஆய்ச்சியின் தலையில் சுமை இருக்கிறது. யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும், யார் தலையில் சுமை ஏறும் என்பதைப் பல்லவர் காலத்துச் சிற்பி தனியாக யோசித்திருக்க வேண்டியதில்லை. அவன் கண்ட உலகம் அப்படித்தான் இருந்தது. அதே கடற்கரையிலும் அதை ஒட்டிய செங்கல்பட்டுச் சீமையிலும் இன்றைக்குக் கழுத்தும் முதுகும் தேய்வது பெரும்பாலும் அந்த ஒழுங்கின்படியே நடக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். குனிவதால் மட்டும் முதுகெலும்பு கெட்டுவிடுவதில்லை. குனிந்தவர் நினைத்தபோது நிமிர முடியாத வேலைதான் அதைக் கெடுக்கிறது. நினைத்தபோது நிமிரும் உரிமையோ சாதி, பால், கூலி, பதவி இவற்றின்படி பங்கிடப்பட்டிருக்கிறது.

நடப்பதும் உட்காருவதும் தூங்குவதும்கூடச் சமூகம் பழக்கித் தருபவை என்று பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மாஸ் 1934-இல் ஆற்றிய உரையில் எடுத்துக்காட்டினார். 1955-இல் அமெரிக்கரான கார்டன் ஹியூஸ் பல நாட்டுத் தரவுகளைத் திரட்டி, மனித உடல் நிலையாக இருக்கக்கூடிய விதங்கள் ஏறத்தாழ ஆயிரம் இருக்கும் என்று மதிப்பிட்டார். ஒவ்வொரு சமூகமும் அவற்றில் சிலவற்றைத்தான் தன் மக்களுக்கு விட்டுவைக்கிறது. நம் ஊரில் அந்த விதிகள் எழுதப்படாமலே எல்லோருக்கும் தெரியும். பெரியவர் வந்தால் எழுந்திருக்க வேண்டும். முதலாளி முன்னால் கால்மேல் கால் போடக்கூடாது. பண்ணையார் எதிரே தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கி, முதுகு தானே வளைந்த காலம் வெகுதூரத்தில் இல்லை. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரான ஒரு பட்டியல் சாதிப் பெண்மணி கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளியாகி வழக்கானது. இவற்றை மரியாதை, அவமரியாதை என்ற அளவிலேயே பேசி நிறுத்திவிடுகிறோம். இந்த விதிகள் எலும்பிலும் தசையிலும் என்ன செய்கின்றன என்று கேட்பது குறைவு.

உடலின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கழுத்தில் ஏழு எலும்புகள். அவற்றின் மேல் நாலரை முதல் ஐந்து கிலோ எடையுள்ள தலை. தலை முன்னால் சாயச் சாயக் கழுத்துக்கு ஏறும் பாரம் கூடுகிறது. 60 பாகை குனிந்தால் அது 27 கிலோ அளவுக்குப் போகும் என்று நியூயார்க் அறுவை மருத்துவர் கென்னத் ஹான்ஸ்ராஜ் 2014-இல் கணக்கிட்டார். அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு, ஆட்களிடம் அளந்தது அல்ல. ஆகவே அந்த எண்ணைவிட முக்கியமானது நேரம். முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் தட்டுகளுக்கு, வளர்ந்தபின், தமக்கென்று இரத்தக் குழாய்கள் கிடையாது எனலாம். பக்கத்து எலும்பிலிருந்து கசியும் ஊட்டமே அவற்றுக்கு உணவு. பாரம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால்தான் அந்தத் தட்டுகள் நலமாக இருக்கும். முழுக்கக் குனிந்த நிலையில் முதுகுத் தசைகள் ஓய்ந்துபோய், பாரம் மொத்தமும் தசைநார்களில் தொங்குகிறது. நெடுநேரம் தொங்கினால் அந்த நார்கள் மெல்ல நீள்கின்றன. பழைய நிலைக்கு வர மணிக்கணக்காகும். அதுவரை முதுகெலும்புக்குப் பிடிமானம் குறைவு. அந்த நேரத்தில் ஒரு சுமையைச் சட்டென்று தூக்கினால் ‘பிடித்துக்கொள்ளும்’. குந்துவதும் குனிவதும் தம்மளவில் தீங்கானவை அல்ல என்பதற்கு நம் நாட்டிலிருந்தே ஒரு சான்று உண்டு. ஃபார்னியும் ட்ரூமனும் 1965-இல் வெளியிட்ட எக்ஸ்-ரே ஒப்பீட்டில், நாளெல்லாம் குந்தியும் எழுந்தும் வாழ்ந்த பீல் பழங்குடியினருக்கு டிஸ்க் தேய்மானம் அமெரிக்கரையும் ஐரோப்பியரையும் விடக் குறைவாக இருந்தது. ஒற்றை ஆய்வைப் பிடித்துக்கொண்டு அதிகம் பேசக்கூடாது. ஆனாலும் அந்த மக்கள் தங்கள் நிலையைத் தாங்களே மாற்றிக்கொண்டிருந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி நடவு வயலுக்கு வருவோம். செங்கல்பட்டு ஏரிப்பாசன மாவட்டம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று தண்ணீர் இருக்கும் பட்டங்களில் நாற்று நடுகிறார்கள். நடுபவர்கள் அநேகமாகப் பெண்கள். அவர்களில் பெரும்பகுதி நிலமில்லாத பட்டியல் சாதிப் பெண்கள். இடக்கையில் நாற்றுமுடி. வலக்கை அதிலிருந்து இரண்டு மூன்று பயிரைப் பிரித்து விரல்நுனியால் சேற்றில் ஊன்றுகிறது. முழங்கால் ஏறக்குறைய நேராக இருக்க, இடுப்பு முழுக்க மடிந்து, தலை தொங்கி, கால் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்குகிறது. சேற்றில் குந்தவும் முடியாது, உட்காரவும் முடியாது. நிமிர்வது உடலால் முடியும்; வரிசைதான் விடாது. ஒருத்தி நிமிர்ந்தால் அவள் பத்தி பின்தங்கும், இருபுறமும் நடுகிறவர்கள் அவளுக்காகக் காத்திருக்க வேண்டும். நாள்கூலியாக இருந்தால் வரப்பிலிருப்பவர் குரல் கொடுப்பார். ஏக்கருக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் பேசியிருந்தால் குரல் கொடுக்க யாரும் வேண்டாம், கூட நடுகிறவர்களே பார்த்துக்கொள்வார்கள். இந்த மண்ணில் நிலமில்லாதவர் முதுகு அடுத்தவர் நேரத்துக்குக் கட்டுப்பட்ட கதை பழையது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் இங்குள்ள பறையர்களின் நிலை பற்றி 1891-இல் எழுதிய அறிக்கை, கடனிலும் குடியிருப்பு மனையிலும் அவர்கள் எப்படிக் கட்டுண்டு கிடந்தார்கள் என்று விவரித்தது. அடுத்த ஆண்டு பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு அதுவே வழி திறந்தது. சொந்தமாக அரை ஏக்கர் இருப்பவள் இடுப்பு கடுத்தால் வரப்பேறி வெற்றிலை போட்டுவிட்டு இறங்கலாம். வேலை அதே நடவுதான், குனிவும் அதே குனிவுதான். இரண்டு முதுகுகள் மட்டும் வேறு வேறாக முதிர்கின்றன.

குனிவு மேற்பார்வைக்குக் கருவியாகும் விதத்தைக் கலிபோர்னியாவின் அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே கீரைத் தோட்டங்களிலும் சர்க்கரை பீட் தோட்டங்களிலும் மெக்சிகோ வழிவந்த தொழிலாளர்கள் குட்டைக் கைப்பிடி போட்ட களைக்கொத்தியால் நாள் முழுவதும் இரட்டையாக வளைந்து வேலை செய்தார்கள். குட்டைக் கைப்பிடி இருந்தால்தான் பயிருக்குச் சேதமில்லாமல் களையெடுக்க முடியும் என்பது தோட்ட முதலாளிகளின் வாதம். தொழிலாளர்கள் சொன்ன காரணம் வேறு: தூரத்தில் நிற்கும் மேற்பார்வையாளர் ஒரே பார்வையில், நிமிர்ந்திருப்பவன் வேலை செய்யவில்லை என்று கண்டுகொள்ளலாம். முதுகெலும்புக்கு நேரும் கேட்டை மருத்துவர்கள் சாட்சியாகச் சொன்னார்கள். 1975-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தக் கருவி தடைசெய்யப்பட்டது. நீளக் கைப்பிடி வந்தபின் தோட்டங்கள் பாழாகிவிடவில்லை. நம் களைக்கொத்தும் குட்டைக் கைப்பிடிதான். ஒற்றை நாற்று நடவோடு வந்த கோனோ வீடர் நின்றபடி தள்ளும் கருவி. குனிந்து களை பறித்த பெண்களுக்கு அது விடுதலையாக வந்திருக்க வேண்டும். பல இடங்களில் கருவி வந்ததும் அது ஆண்கள் கைக்குப் போய்விட்டது. நிமிர்ந்து செய்யும் வேலை ஆணுக்கு, குனிந்து செய்யும் வேலை பெண்ணுக்கு என்ற பழைய பங்கீடு கருவி மாறியபின்னும் மாறவில்லை.

கடற்கரைக்கு வந்தால் குனிவுக்குப் பதிலாகத் தலைச்சுமை. கோவளம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் போன்ற கரையூர்களில் படகு ஆணின் பொறுப்பு, கரையேறிய மீனை விற்பது பெண்ணின் பொறுப்பு. ஏலத்தில் எடுத்த மீனைக் கூடையிலோ அலுமினியப் பாத்திரத்திலோ போட்டு, தலையில் சும்மாடு வைத்து ஏற்றிக்கொண்டு முன்பெல்லாம் உள்ளூர்களுக்கு நடந்தே போனார்கள். இன்று ஷேர் ஆட்டோ இருக்கிறது. மணலைக் கடந்து சாலைக்கு வரும் தூரம் இன்னமும் தலையில்தான். தலைச்சுமையைப் பற்றி அறிவியல் இரண்டு விதமாகப் பேசியிருக்கிறது. கென்யாவின் லூவோ, கிக்குயு பெண்கள் தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதல் சக்தி செலவிடாமலே சுமக்கிறார்கள் என்று 1986-இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதைப் படித்தவர்கள் தலைச்சுமையை ஒரு கலையாகவே வியந்தார்கள். 2010-ஐ ஒட்டித் தென்னாப்பிரிக்காவின் கோசா பெண்களிடம் செய்த ஆய்வுகளில் அந்த இலவசச் சலுகை பொதுவாகத் தென்படவில்லை. கழுத்துவலிதான் பெரிதாகத் தெரிந்தது. அதற்கும் முன்னால் 1968-இலேயே ரொடீசியாவில் பணியாற்றிய நரம்பு அறுவை மருத்துவர் லெவி, சுமைகூலிகளின் கழுத்துக் காயங்களுக்கென்று தனிப்பெயரே வைத்து எழுதினார். தலையில் சுமை நேராக நிற்கும்போது கழுத்து வியக்கத்தக்க அளவு தாங்கும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் கால் இடறும்போதும்தான் அது சுளுக்குகிறது, சில வேளை முறிகிறது.

இதை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள் என்பதற்குச் சுமைதாங்கிக் கற்களே சாட்சி. இரண்டு கற்களை நிறுத்தி மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருப்பார்கள்; உயரம் ஆளின் தோளை ஒட்டியிருக்கும். சுமையோடு வருபவர் குனியாமல், உதவிக்கு ஆள் தேடாமல், தலைச்சுமையை அப்படியே கல்லுக்கு நகர்த்திவிடலாம். இளைப்பாறியபின் அதேபோலத் தலைக்கு வாங்கிக்கொள்ளலாம். கழுத்துக்கு ஆபத்தான இரண்டு கணங்களையும் அந்தக் கல் நீக்கிவிடுகிறது. இன்றைய பணிச்சூழல் வல்லுநர் யாரும் இதைவிடச் சிக்கனமான தீர்வைச் சொல்லிவிட முடியாது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதை நிறுத்தும் வழக்கமும் இருந்தது. சுமப்பவருக்கு இளைப்பாறும் உரிமை உண்டென்று ஊர் ஒப்புக்கொண்டு, அதற்கு வழியோரத்தில் இடமும் ஒதுக்கிய ஏற்பாடு இது. சாலைகளை அகலப்படுத்தியபோது பல ஊர்களில் இந்தக் கற்கள் பிடுங்கப்பட்டன. அவற்றின் இடத்தில் எதுவும் வரவில்லை. 50 கிலோ சிமெண்ட் மூட்டையைத் தலையிலும் முதுகிலும் ஏற்றி இறக்குபவர்களுக்கு, தோள் உயரத்தில் ஒரு மேடை கட்டித்தரும் கிடங்குகள் எத்தனை?

மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகள் இந்த வாதத்துக்கு நல்ல உரைகல். கல்லுக்கு முன்னால் தரையில் அமர்ந்து, கழுத்து கவிழ்ந்து, உளியும் சுத்தியுமாக மணிக்கணக்கில் வேலை. குனிவுதான் காரணமென்றால் சிற்பிகள் எல்லோரும் ஒரே விதமாகப் பாதிக்கப்பட வேண்டும். வேலையின் ஓட்டத்தைக் கூர்ந்து பார்த்தால் வித்தியாசம் புரியும். கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கும். அதை உலையில் காய்ச்சித் தட்டி முனை ஏற்ற எழுந்து போக வேண்டும். முகம் செதுக்குகிறவர் தள்ளி நின்று பார்க்காமல் அளவைச் சரிசெய்ய முடியாது. கல்லைப் புரட்ட நாலு பேர் கூட வேண்டும். கழுத்துக்கு வேண்டிய ஓய்வைத் தொழிலே இடையிடையே வைத்திருந்தது. 1957-இல் பயிற்சி நிலையமாகத் தொடங்கி இன்று அரசுக் கல்லூரியாக இருக்கும் நிறுவனத்தில் மரபுவழிக் கல்வி பெற்று, சொந்தப் பட்டறை வைத்திருக்கும் ஸ்தபதிக்கு அந்த இடைவெளிகள் இன்னும் உண்டு. பட்டறை வாசலில் உருப்படிக்கு இத்தனை ரூபாய் என்று சின்னச் சின்ன மாக்கல் பிள்ளையார்களைச் செய்து குவிப்பவருக்கு அவை இல்லை. அவர் கையில் உளிக்குப் பதில் கட்டர் மெஷின். அது மழுங்கி எழச் சொல்வதில்லை. அதிர்வைத் தோளுக்கும் கழுத்துக்கும் அனுப்பிக்கொண்டேயிருக்கிறது, கூடவே கல்தூசியை நுரையீரலுக்கும். 2017-இல் மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பத்துக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு செதுக்குபவரின் கழுத்துக்கு நீளவில்லை.

நகரத்தில் இதே விதி தலைகீழாக வேலை செய்கிறது. செங்கல்பட்டு, தாம்பரம் கடைவீதிகளின் துணிக்கடைகளில் நாளெல்லாம் நிற்கும் பெண்களின் முதுகு நேராகத்தான் இருக்கிறது. உட்காரத்தான் கூடாது. கடையில் ஆளே இல்லாத மதிய வேளையிலும் நிற்க வேண்டும், ஏனென்றால் உட்கார்ந்திருப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதைக் குறைவாம். இடுப்புவலி, கால் வீக்கம், நரம்புச் சுருட்டல் எல்லாம் அந்த மரியாதையின் விலை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் நடத்திய நெடும் போராட்டத்துக்குப் பிறகு கேரளம் 2018-இல் இருக்கையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் உட்கார வசதி தர வேண்டும் என்று பிரிவு 22-அ-வைச் சேர்த்தது. உட்காருவதற்கு ஒரு மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதே, உடலின் நிலை தனிமனிதரின் விருப்பத்தைச் சேர்ந்ததல்ல என்பதற்குப் போதிய சான்று. நாற்காலி போட்டுவிட்டு அதில் உட்காருபவரை முறைக்கும் கடைகளில் அந்தப் பிரிவு இன்னும் உயிர்பெறவில்லை.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது பரம்பரை. ஃபின்லாந்து இரட்டையர்களிடம் நெடுங்காலம் நடந்த ஆய்வின் முடிவுகள் 2009-இல் தொகுத்து வெளியாயின. ஒருவர் கடின உழைப்பிலும் மற்றவர் மேசை வேலையிலும் வாழ்ந்த இரட்டையரிடையே டிஸ்க் தேய்மானத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மரபணுவின் பங்கே பெரிது. இதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் தேய்மானம் வேறு, துன்பம் வேறு. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில் 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. ஆக, தேய்ந்த டிஸ்கோடு வலியின்றி வாழலாம். தேய்ந்த டிஸ்கோடு நாளைக்கும் நடவுக்குப் போயே ஆக வேண்டியவளுக்கும், ஒரு வாரம் விடுப்பெடுத்துப் படுக்கக் கூடியவருக்கும் வித்தியாசம் மரபணுவில் இல்லை. இரண்டாவது மறுப்பு, உடல்நிலைக்கும் வலிக்கும் தொடர்பே பலவீனம் என்பது. பெர்த் நகரத்தில் 17 வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேருக்கு மேல் அளந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், கூன்போட்டு உட்காருபவர்களுக்குக் கழுத்துவலி அதிகம் என்று தெரியவில்லை. செல்போன் குனிவைக் காட்டிப் பெற்றோரைப் பயமுறுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். என் வாதத்துக்கு இது எதிரல்ல, துணை. போனில் குனிந்திருக்கும் பிள்ளை நிமிடத்துக்கு ஒருமுறை புரள்கிறான், படுக்கிறான், எழுந்து போகிறான். அவனை யாரும் வரிசையில் நிறுத்தவில்லை.

மூன்றாவது, வலியில் மனத்துக்கே பெரும்பங்கு என்பது. அமெரிக்காவின் போயிங் விமானத் தொழிற்சாலையில் 3,020 தொழிலாளர்களைத் தொடர்ந்து கவனித்து 1991-இல் வெளியான ஆய்வு இதற்குப் புகழ்பெற்ற சான்று. தன் வேலையில் மகிழ்ச்சியே இல்லை என்றவர்கள், மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு அதிகமாக முதுகுக் காயம் என்று பதிவு செய்தார்கள். முதலாளிகள் இதைத் தொழிலாளியின் மனக்குறை என்று படித்துக்கொண்டார்கள். ஒரு வேலை ஏன் மகிழ்ச்சியற்றுப் போகிறது என்று கேட்டால் பதில் மனத்துக்குள் இல்லை: வேகத்தை இன்னொருவர் தீர்மானிப்பது, எழக் கேட்க வேண்டியிருப்பது, வலிக்கிறது என்றால் நம்பப்படாதது. உடலும் மனமும் ஒரே கட்டுப்பாட்டில் சிக்கியிருக்கும்போது ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க முடியாது. ‘அவர்களுக்குப் பழகிவிட்டது’ என்பது கடைசி மறுப்பு. பெரும்பாலும் அதைச் சொல்பவர்கள் அந்த வேலையைச் செய்யாதவர்கள். பழகியவர்கள் ஐம்பது வயதில் நடவுக்குப் போக முடியாமல் நின்றுவிடுவதை, அவர்கள் வரப்பிலிருந்து காணாமல் போனபின் யாரும் கணக்கெடுப்பதில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கழுத்து முறிந்தால் அதற்கு நாளும் நேரமும் உண்டு, வழக்குப் பதிவுண்டு, இழப்பீடும் உண்டு. முப்பது ஆண்டாகக் குனிந்து கெட்ட முதுகுக்கு நடந்த நாள் என்று ஒன்றில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்கள் என்று 29-ஐப் பட்டியலிட்டது. ஈய நஞ்சு இருந்தது, சிலிக்கோசிஸ் இருந்தது, இரைச்சலால் வரும் காது கேளாமை இருந்தது. குனிந்தும் சுமந்தும் கெட்ட முதுகெலும்பு இல்லை. வயலும் சிற்பப் பட்டறையும் மீன் கூடையும் பெரும்பாலும் அந்தச் சட்டத்தின் வாசலுக்கே வராதவை. இதை மாற்ற முதலில் வேண்டியது பதிவு. 1965-இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு இம்மாவட்டத்தின் வயலிலிருந்தும் கரையிலிருந்தும் பட்டறையிலிருந்தும் முதுகைப் பிடித்துக்கொண்டு மக்கள் வருகிறார்கள். அங்குள்ள மருத்துவர்களிடமும் நலவாரிய அதிகாரிகளிடமும் ஒரு வேண்டுகோள்: வலி எங்கே என்று கேட்கும்போதே என்ன வேலை, எத்தனை ஆண்டு, இடையில் எழ விடுவார்களா என்ற மூன்றையும் கேளுங்கள். பதிலை ஓ.பி. சீட்டில் எழுதுங்கள்.